பாறை ஏறும் படிப்புக்கு ஒரு கையெழுத்து

அச்சங்குளம்
12.8.2006

அன்பு மகள் ரோஜாவுக்கு அம்மா மாடத்தி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை, அனுப்பிய படத்திலேயே பார்த்தேன், கால்சட்டை மாட்டிக்கொண்டு பாறையில் கயிற்றைக் கட்டி நன்றாகத்தான் தொங்குகிறாய்.

வாத்தியார் படிப்பு என்றுதானே சொல்லிவிட்டுப் போனாய். நானும் அதை நம்பி ஊரெல்லாம் சொல்லி வைத்தேன். இப்போது பார்த்தால் கூடாரம் அடிக்கவும் பரிசல் ஓட்டவும் ஓய்வு நேரத்தைக் கழிக்கவும் மூன்று வருஷப் பட்டமாம். ஓய்வை ஒருத்தர் சொல்லிக்கொடுத்துத்தான் படிக்க வேண்டுமா? இங்கே தீபாவளி சீசன், ஞாயிற்றுக்கிழமைகூட லோடு ஏறுகிறது, வந்து எங்களுக்கு அந்தப் பாடத்தை நடத்து. பட்டாசுக் கம்பெனி மருந்தறையில் நான் காலை அழுத்தி வைத்தாலே போர்மேன் கத்துவார், குதிக்கக் கூடாது, ஓடக் கூடாது, சிரித்து விளையாடக் கூடாது. அந்த அறையில் உட்கார்ந்து வளர்த்த பிள்ளை குதிப்பதற்குப் பட்டம் வாங்கப் போகிறாள். பக்கத்து வீட்டுப் பத்திரகாளி வந்து, "ஒம் மகள வேதத்துல சேத்துட்டாகளாமே, அம்புட்டுப் பேரும் தீய மூட்டிச் சுத்தி உக்காந்து பாடுதாகளாமே" என்று கேட்கிறாள். கிறிஸ்தவ வேதத்தில் சேர்த்தால்கூடத் தேவலை, சர்ச்சுக்குக் கூரையாவது இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன். விளையாட்டுக்குத் தீ மூட்டுகிறார்கள் என்றால் நம் தெருவில் யாருக்கும் சிரிப்பு வராது, உனக்கு அது மறந்துவிட்டது.

இருபதாம் தேதிக்குள் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வராவிட்டால் மலை முகாமில் சேர்க்க மாட்டார்கள், ஒரு வருஷம் வீணாகும் என்று எழுதியிருந்தாய். இங்கிலீஷில் இருந்ததால் பள்ளிக்கூடத்து அய்யாதுரை சாரிடம் கொண்டுபோனேன். ஐந்தாவது வரி வந்ததும் அவர் என் முகத்தைப் பார்த்தார். பிள்ளைக்கு அடிபட்டாலோ உயிர் போனாலோ கல்லூரி பொறுப்பில்லை, நாங்கள் எதுவும் கேட்க மாட்டோம் என்று பெற்றவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இந்த வரி எனக்குப் புதிதில்லை. உன் அப்பாவுக்கு இரண்டு கையும் வெந்த அன்று, ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுக்கும் முன்னால் கம்பெனி கணக்குப்பிள்ளை இதே வரியைத்தான் நீட்டினார். அப்பாவால் பேனா பிடிக்க முடியவில்லை, நான்தான் போட்டேன். வண்டி கிளம்பினால் போதும் என்றிருந்தது. பிற்பாடு நியாயம் கேட்கப் போனபோது என் கையெழுத்தை எனக்கே எடுத்துக் காட்டினார்கள். உனக்கு அப்போது ஏழு வயது, இதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. உன் அப்பாவோ படத்தைச் சுவரில் ஒட்டச் சொல்லிவிட்டு, "புள்ள எம்புட்டு உசரத்துல இருக்கா பாரு, போட்டுக் குடு" என்கிறார். அந்த மனுஷனுக்கு எதுவும் உறைக்காது.

கிழித்துப் போடத்தான் படிவத்தை எடுத்தேன். கிழிக்கவில்லை. அந்த ஐந்தாவது வரியை மட்டும் பேனாவால் அழுத்திக் கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். யார் அடித்தது என்று கேட்டால் அம்மா என்று சொல். ஒத்துக்கொள்ளாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து சேர்.

இருக்கன்குடி மாரியாத்தா உன்னைக் காப்பாள். யார் முடிச்சுப் போட்டாலும் நீயே ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு ஏறு. அப்பாவின் கைகளை எழுதிக் கொடுத்தவள் நான். உன்னை எழுதிக் கொடுக்க மாட்டேன்.

இப்படிக்கு
உன் அம்மா
மு. மாடத்தி