சும்மா இருக்கும்போது இருபத்திரண்டு வாட்

மார்ச் 3
அண்ணனின் ஆக்சிஜன் மிஷினுக்காக வாங்கிய இன்வெர்ட்டரை இன்று அளந்தேன். பேட்டரி முழுக்க ஏறிவிட்டது, கரண்ட்டும் போகவில்லை. ஆனாலும் ஒரு வேலையும் செய்யாமல் மூலையில் உட்கார்ந்தபடி இருபத்திரண்டு வாட் தின்கிறது. நாளெல்லாம் மீட்டர்களைச் சோதித்துவிட்டு வீட்டுக்கு வந்தும் இதே வேலையா என்று அண்ணி சிரித்தாள். மூன்று சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கும் அண்ணனும் விடவில்லை. "வந்துட்டாங்கய்யா... பெரிய இன்ஸ்பெக்டர்!"

மார்ச் 11
இருபத்தொன்பது.

மார்ச் 12
மறுபடி அளந்தேன். அதேதான். சும்மா கிடக்கிறதுக்கு எதற்கு இவ்வளவு பசி? சார்ஜர்தான் தறிகெட்டு ஏற்றுகிறது. வேறென்ன இருக்கப் போகிறது?

மார்ச் 19
நாற்பத்தொன்று. பேட்டரி மேல் கை வைத்தால் சுடுகிறது. அறையில் முட்டை அழுகினது போல லேசாக ஒரு வாடை.

"மெக்கானிக்கைக் கூப்பிட்டுடலாமா? எதுக்கும் ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கி வச்சுக்கலாம்" என்றாள் வாடையை உணர்ந்த அண்ணி. எனக்குச் சுருக்கென்றது. பதினெட்டு வருஷமாக மீட்டர் பார்க்கிறவளை வீட்டில் வைத்துக்கொண்டு வெளியாள் எதற்கு? "நான் இருக்கேன்ல அண்ணி. கரண்ட் போனா நாலு மணி நேரம் தாங்கும்" என்றேன். அவள் அந்தப் பக்கம் போனதும் இன்வெர்ட்டரின் பின்னாலிருந்த சார்ஜ் ஸ்விட்சைக் குறைந்த நிலைக்குத் தள்ளினேன்.

மார்ச் 20
பதினாறு! அண்ணனிடம் காட்டினேன். "அடக்கிட்டியே..." என்று கட்டைவிரலைத் தூக்கினான். ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 27
காலையில் விளக்குகள் ஒரு நொடி அணைந்து எரிந்தன. அதற்குள் இன்வெர்ட்டர் கீச்சென்று கத்திவிட்டது. "ஒரு தடவை மெயினை அணைச்சு, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குதுன்னு பாரேன்" என்றாள் அண்ணி. அண்ணனை எதற்குப் பயமுறுத்த வேண்டும்? கத்தாத மிஷின் உண்டா என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

ஏப்ரல் 2
அண்ணன் போய்விட்டான்.

ஏப்ரல் 9
அன்றைக்குப் பதினொன்றரை மணிக்குக் கரண்ட் போயிருக்கிறது. நான் வேலையில். பேட்டரி ஆறு நிமிஷம் ஓடியதாம். ஆம்புலன்ஸ் வர இருபத்தைந்து. ஆறு நிமிஷம்! நாலு மணி நேரம்னு சொன்னேனே — ஐயோ, இந்த வாயாலதானே சொன்னேன்!

ஏப்ரல் 14
மெக்கானிக் வந்து பேட்டரியைச் சோதித்தார். "ரெண்டு செல் செத்துப்போச்சும்மா. செல் சாகும்போது சும்மா இருக்கிறப்பவே கரண்ட் அதிகமா இழுக்கும். ஒரு மாசமா ஏறிக்கிட்டே இருந்திருக்கும். அப்பவே மாத்தியிருந்தா பிரச்சனையே இல்ல."

அவர் போனதும் அண்ணி என்னைப் பார்த்தாள். "நீ அளந்தியே, ஒண்ணும் தெரியலையா?"

"இல்ல அண்ணி. ஒரே மாதிரிதான் இருந்துச்சு."

அந்த எண்களை அண்ணனிடம் மட்டும்தான் காட்டியிருந்தேன். அண்ணி நம்பிவிட்டாள். "உன்னை விட்டா இனிமே எனக்கு யாரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.