பொட்டு வைத்த மடிக்கணினி

புதன்கிழமை இரவு. தைப்பூசம் முடிந்து நான்காம் நாள்.

புது மடிக்கணினியின் தொடுதிரையில் இடது ஓரம் இரண்டு விரல் அகலத்துக்குத் தொட்டால் ஒன்றும் நடப்பதில்லை. வாங்கி ஐந்தே நாள். இன்று கடைக்கு எடுத்துப் போனேன். பழுது பார்ப்பவர் நம்மவர்தான், தமிழர். மூடியில் நான் வைத்திருந்த சந்தனப் பொட்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"அங்கிள், சந்தனம் ஈரம்லா. உள்ள இறங்கிருச்சு. வாரண்டி கிடைக்காது."

"பொட்டு மூடிக்கு நடுவுல இருக்கு, கோளாறு திரை ஓரத்துல. சந்தனம் பஸ் ஏறியா போச்சு?" என்றேன். அவருடைய பணப்பெட்டியிலும் ஒரு பொட்டு இருந்தது. அதைக் காட்டினேன்.

"அது தொட்டா வேலை செய்யற சாமான் இல்ல அங்கிள்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு கடைக்காரர் ஒரு தாளை நீட்டினார். என் தவறால் கெட்டது என்று அதில் மலாயில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால்தான் கம்பெனிக்கு அனுப்புவாராம். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்ததில்லை. ஆனால் பொய்யென்று தெரிந்த எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. கணினியைத் தூக்கிக்கொண்டு சுங்கை பினாங்கில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

"நாளைக்கு வேற கிளைக்குப் போங்கப்பா. முதல்ல அந்தப் பொட்டத் துடைச்சிருங்க" என்கிறாள் மகள்.

துடைத்தால் தப்பு என்னுடையது என்று நானே ஒப்புக்கொண்டதாகும். பொட்டு காய்ந்து உதிரத் தொடங்கியிருக்கிறது. காலையில் குளித்துவிட்டுப் புதிதாகச் சந்தனம் குழைத்து, இன்னும் கொஞ்சம் பெரிதாகவே வைத்து, அதே கடைக்கு, அதே ஆளிடம்தான் போவேன்.