கிராபிக்ஸ் கார்டுக்கு முன்னால்

ஜூன் 17, செவ்வாய்

ஆட்டத்தின் நடுவில் கம்ப்யூட்டர் மறுபடியும் அணைந்துபோனது. செத்துவிட்டதோ? கொஞ்சம் ஆறவிட்டுப் போட்டால் ஓடுகிறது. அடுத்த மாதம் ஆன்லைன் டோர்னமெண்ட். அதன் நடுவில் இப்படி ஆனால்?

கம்பத்தில் நான் வேலை பார்க்கும் வாழைக்காய் மண்டியில் உட்கார்ந்திருந்தபோதும் இதே யோசனைதான். கிராபிக்ஸ் கார்டை மாற்றுவதா, ரேமா, எஸ்.எம்.பி.எஸ்.ஸா? ஏதாவது ஒன்றுதான் முடியும். கம்ப்யூட்டரைப் பூட்டிக் கொடுத்த லோயர் கேம்ப் ஸ்டான்லி, "மொதல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸ மாத்துடா. கரண்டு குடுக்குற டப்பாவே டுபாக்கூரு" என்கிறான். அதை மாற்றினால் திரையில் என்ன தெரியப்போகிறது? கார்டு போட்டால் ஆட்டம் வழுக்கிக்கொண்டு போகும்.

ஜூன் 19, வியாழன்

கம்ப்யூட்டரின் இரும்பு கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்கிறது. எங்கள் வீட்டில் கிரைண்டரும் அப்படித்தான். அதன் பக்கத்தில் எப்போதும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கும், மாட்டிக்கொண்டுதான் மாவாட்டுவாள் ருக்சானா. கம்ப்யூட்டருக்கும் ஒரு ஜோடி போட்டிருக்கிறேன். செருப்பில்லாமல் தொடாதே என்று தினமும் சொல்கிறேன். அவளுக்கு ஆறாவது மாதம்.

"ஒங்களுக்கு எதுக்கெடுத்தாலும் பயந்தான்" என்று சிரிக்கிறாள்.

ஸ்டான்லி, "வீட்ல எர்த்தே இல்லடா, அதப் போடு" என்றான். அதற்குக் கொல்லையில் குழி வெட்ட வேண்டும். டோர்னமெண்ட் முடியட்டும்.

ஜூன் 20, வெள்ளி

கார்டுதான். ஸ்டான்லியிடம் சொல்லிவிட்டேன். மதுரையிலிருந்து வர வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

எழுத வரவில்லை.

ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டுப் பால் வாங்கப் போனேன். ஆட்டத்தின் வெடிச்சத்தம் ருக்சானாவைத் தொழ விடாமல் அடித்திருக்கிறது. அசர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒலு எடுத்த ஈரத்தோடு கம்ப்யூட்டரை அணைக்கப் போயிருக்கிறாள். ஈரக் கை, ஈரக் கால். தொழப் போறவ செருப்பா மாட்டுவா? இது எனக்கு ஏன் ஒறைக்கல? கேட்டில் நுழையும்போது அலறல். சுவரோரம் விழுந்து கிடந்தாள். யா அல்லாஹ், புள்ள!

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் துடிப்பு கேட்டது. "அசைவு கொறஞ்சா ஒடனே கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா. அசையுதா, அசையுதான்னு கேட்டுக்கிட்டே இருக்கேன். "நீங்க கேக்கக் கேக்க எனக்கும் பயமாருக்கு" என்று அழுதுவிட்டாள்.

ஜூன் 23, திங்கள்

மாமனார் அப்துல் ஜலீல் வந்து அவளை உத்தமபாளையத்துக்குக் கூட்டிப்போய்விட்டார். "கரண்ட சரி பண்ணிட்டுச் சொல்லுங்க மாப்ள. அதுவரைக்கும் அங்கன இருக்கட்டும்." இவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 24, செவ்வாய்

அசைவு இருக்கிறதாம். போனில் சொன்னாள்.

ஜூன் 27, வெள்ளி

எலக்ட்ரீசியன் முத்துப்பாண்டி கொல்லையில் குழி வெட்டி, குழாய் இறக்கி, உப்பும் கரியும் கொட்டி மூடினார். கிரைண்டர், பிரிட்ஜ், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் எர்த் ஒயர் இழுத்தாயிற்று. எஸ்.எம்.பி.எஸ்.ஸும் புதிது. கேபினெட்டில் வைத்துப் பார்த்த டெஸ்டர் எரியவில்லை. "இனி செருப்பத் தூக்கிப் போடுங்க பாய்" என்று போய்விட்டார்.

டெஸ்டரை நம்பி அவளை எப்படிக் கூப்பிடுவது? காலைக் கழுவினேன். கையை நனைத்தேன். கேபினெட்டுக்குப் பக்கத்தில் கை போகவேமாட்டேன் என்கிறது. கண்ணை மூடிக்கொண்டு வைத்தேன்.

ஒன்றுமில்லை. வெறும் இரும்பு. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஜூலை 8, செவ்வாய்

ருக்சானா வந்துவிட்டாள். ஸ்கேனில் பிள்ளை நன்றாக இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். கிரைண்டரையும் கேபினெட்டையும் அவள் கண்ணெதிரே தொட்டுத் தொட்டுக் காட்டினேன். "சரிங்க, அதான் சரியாயிருச்சுல்ல" என்றாள்.

சாயங்காலம் ஸ்டான்லி போன் செய்தான். "கார்டு வந்துருச்சுடா. கம்பத்துக்கு எடுத்துட்டு வரவா?"

எடுத்து வா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அடுக்களையில் ருக்சானா பிரிட்ஜ் முன்னால் நின்றாள். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள். கொஞ்சம் தள்ளி நின்று, துணியோடு கைப்பிடியைப் பிடித்துக் கதவைத் திறந்தாள்.

"வேற யாருக்காச்சும் குடுத்துர்றா" என்றேன்.