கிழிந்த காதுக்கு ஒரு ஆமென்

அப்பா,

சபை மைக்கின் தலையில் மாட்டியிருக்கும் அந்தக் கறுப்புப் பஞ்சை இன்னும் மாற்றவில்லை. இன்று காலை ஆராதனையில் அதை என் கையில் திணித்தார்கள். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எத்தனை பேருடைய எச்சில், எத்தனை பேருடைய இருமல் மிட்டாய், எத்தனை வருஷத்து ஸ்தோத்திரம், எல்லாம் ஊறிப்போய் காயாத துணி மாதிரி ஒரு வாடை. துப்பட்டாவால் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. அந்த வாடையோடு உடனே நினைவுக்கு வந்தது நீங்கள்தான்.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது என்று உங்கள் பெயரில் ஒரு நன்றி ஆராதனை வைத்தார்கள். "அப்பாவப் பத்தி ஒரு சாட்சி சொல்லும்மா" என்று பாஸ்டர் கூப்பிட்டார். நான் எழுந்து போகும்போது பாஸ்டரம்மா முழங்கையைப் பிடித்து நிறுத்தி, "நல்லதா ரெண்டு வார்த்த போதும்மா, பழசெல்லாம் வேண்டாம்" என்று காதோடு சொன்னார். எந்தப் பழசு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெண்கள் பக்கத்துப் பாயில் முந்தானையைத் தலைமேல் போட்டுக் காது தெரியாமல் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கும் தெரியும்.

அந்தப் பழசை உங்களுக்கும் ஒரு முறை ஞாபகப்படுத்துகிறேன். அப்போது நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். ஓசூரில் நீங்கள் இரும்பு அடித்த ஃபோர்ஜிங் கம்பெனிக்குப் பின்னால் லைன் வீட்டில் இருந்தோம். ஷிப்ட் முடிந்ததும் நீங்கள் ஷேர் ஆட்டோ பிடித்து பார்டரைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போய்விடுவீர்கள். அந்தப் பக்கம் பாக்கெட் பிராந்தி விலை குறைவு என்பதுதான் கர்நாடகத்தைப் பற்றி நான் சின்ன வயதில் தெரிந்துகொண்ட முதல் பாடம். அன்று கையில் காசில்லாமல் சாயங்காலமே வீட்டுக்கு வந்தீர்கள். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காதில் அவள் பிறந்த வீட்டில் போட்ட தோடு.

"கழட்டுடி" என்றீர்கள். "மாட்டேன்" என்றாள். திருகைக் கழற்றக்கூட உங்களுக்குப் பொறுமை இல்லை. இழுத்தீர்கள். காது மடல் இரண்டாகப் பிளந்து, ரவிக்கைத் தோளில் ரத்தம் கொட்டியது. தோட்டை லுங்கியில் துடைத்து மடியில் செருகிக்கொண்டு போய்விட்டீர்கள். மற்றக் காதுத் தோடும் பின்னால் அதே வழியில் போயிற்று. நான் மஞ்சள் தூளை அள்ளி அப்பினேன். அம்மா அழவே இல்லை. "கதவச் சாத்து கண்ணு, அல்லாரும் பாக்குறாங்க" என்றாள். தையல் போட ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்துவிட்டாள். புண் ஆறியபோது காது இரண்டு துண்டாகவே ஆறியது.

பிறகு நீங்கள் இரட்சிக்கப்பட்டீர்கள். உங்களோடு சம்மட்டி மிஷினில் வேலை பார்த்த நாகர்கோவில் பக்கத்துக்காரர் ஒருவர் ஜெபத்துக்குக் கூட்டிப்போனார். போன நீங்கள் குடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தீர்கள். இதை நான் மறுக்கமாட்டேன். சாகும்வரை ஒரு சொட்டுத் தொடவில்லை. வீட்டில் அரிசி இருந்தது, அம்மா சிரித்தாள், எனக்கும் படிப்பு நிற்கவில்லை. அடுத்த வருஷம் நாங்கள் மூவருமே ஞானஸ்நானம் எடுத்தோம். அந்த வெள்ளை உடுப்பில் நடுங்கிக்கொண்டு நின்ற உங்களைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம் நீங்கள்.

மைக்கைப் பிடித்தீர்களே, அங்கே ஆரம்பித்தது எனக்குக் குமட்டல். முதல் முறை சாட்சி சொன்னபோது உங்கள் தொண்டை அடைத்தது, நம்பினேன். பத்தாவது முறையும் அதே இடத்தில் அடைத்தது. எங்கே நிறுத்தினால் பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள், எங்கே குரலை உயர்த்தினால் அல்லேலூயா வரும் என்று உங்களுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. "நான் பார்டரத் தாண்டி சாராயத்தத் தேடிப் போனேன், என் இயேசு பார்டரத் தாண்டி என்னத் தேடி வந்தாரு!" என்று சொல்லிவிட்டு, கூட்டம் ஆர்ப்பரித்து முடியும்வரை கண்ணை மூடிக் காத்திருப்பீர்கள். சாக்கடையில் விழுந்து கிடந்தது, சோற்றுப் பானையை எட்டி உதைத்தது, மனைவியை அடித்தது என்று வரிசையாக எல்லாம் வரும். ஊத்தங்கரை, சாமல்பட்டி, சிங்காரப்பேட்டை உபவாசக் கூட்டம் என்று அழைப்பு மேல் அழைப்பு. போகும் இடத்துக்கெல்லாம் அம்மாவையும் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தீர்கள். அவள் பட்ட அடியைக் கேட்டு முன்பின் தெரியாதவர்கள் கை தட்டினார்கள். தன் உடம்பை யாரோ கடைத்தெருவில் விரித்துப் போட்டதுபோல அவள் முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொள்வாள்.

காது மட்டும் அந்தக் கதையில் வரவே வராது.

ஏன் என்று எனக்குப் புரிய நாளாயிற்று. மற்றதெல்லாம் ஆறிப்போன பாவம், சொன்னால் பெருமை. காது கண்ணுக்கு முன்னால் இருந்தது. அதைவிடக் கேவலம் ஒன்று நடந்தது. நம் சபையில் பெண்கள் நகை போடுவதில்லை அல்லவா? அம்மாவின் வெறுங்காதைப் பார்த்த பாஸ்டரம்மாவுக்கு அது பக்தியாகத் தெரிந்துவிட்டது. "இந்த சிஸ்டரப் பாருங்க. வந்த முதல் நாளே ஆண்டவருக்காகக் காதுல இருந்ததக் கழட்டி வெச்சுட்டாங்க" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் காட்டினார். ஆண்கள் பக்கத்திலிருந்து முதல் ஆமென் உங்களுடையது. கணீரென்று வந்தது. அப்பா, நீங்கள் குடித்துவிட்டு வாந்தி எடுத்ததை எத்தனையோ முறை நான் கழுவியிருக்கிறேன். அந்த ஆமெனைப் போல எதுவும் எனக்கு அருவருப்பாக இருந்ததில்லை.

அன்று வீட்டில் கேட்டேன், நினைவிருக்கிறதா? நீங்கள் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, இரட்சிக்கப்பட்டவனுக்குக் கிடைக்கும் ஆசீர்வாதங்களை விரல் மடக்கிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பாவமன்னிப்பு, பிள்ளை என்கிற உரிமை, பரலோகச் சுதந்தரம் என்கிற சொத்துப் பங்கு, அதற்கு அச்சாரமாகப் பரிசுத்த ஆவியானவர். அடுத்த கூட்டத்துக்கான ஒத்திகை. எல்லாம் கிருபையாய், இலவசமாய் என்றீர்கள். "அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களாப்பா?" என்றேன்.

"ஆண்டவரே மன்னிச்சுட்டாரு. மன்னிச்சதோட மறந்தும் போயிட்டாரு. நீ என்னாத்துக்குக் கண்ணு கிளறுற?" என்றீர்கள்.

எவ்வளவு வசதி! காது கிழிந்தது ஒருத்திக்கு, மன்னித்தது இன்னொருவர், ஆசீர்வாதம் உங்களுக்கு. அதைக் கொடுத்த ஆண்டவர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. இப்படித் தராதரம் பார்க்காமல் வாரி இறைப்பதற்குப் பெயர் கிருபையா என்று அன்று இரவுச் சாப்பாட்டை நான் தொடவில்லை. சமையலறையில் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒரு பாத்திரம்கூடச் சத்தம் போடவில்லை.

அதன்பின் ஒரு நாள் சபையில் பெண்கள் கூட்டம் வைத்தார்கள்; ஆண்களும் வெளியூர் ஆட்களும்கூட வந்திருந்தார்கள். பாஸ்டரம்மா அம்மாவை மேடைக்கு முன்னால் கூப்பிட்டார். பழையபடி புகழ்ந்தார். அத்தோடு விட்டாரா, எல்லோரும் பார்க்கட்டும் என்று அம்மாவின் முந்தானையைத் தன் கையாலேயே விலக்கினார். கிழிந்த மடல் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. அவர் அன்றுதான் அதைக் கிட்டத்தில் பார்த்தார் போல, கை அப்படியே நின்றது.

அம்மா அவர் கையிலிருந்த மைக்கை வாங்கினாள். வாழ்நாளில் அவள் அதைத் தொட்டதில்லை. "நான் ஒண்ணும் கழட்டி வெக்கலைங்க. எனக்குத் தோடு போடறதுன்னா ஆசை. இவருதான் இழுத்துப் பிடுங்குனாரு, குடிக்கறதுக்கு" என்றாள். பழக்க தோஷத்தில் பின்வரிசைத் தெலுங்குப் பெரியவர் "ஸ்தோத்ரம்" என்று ஆரம்பித்துப் பாதியில் விழுங்கினார். பாஸ்டர் அவசர அவசரமாக ஒரு பாட்டை எடுத்துவிட்டார். நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். நீங்கள் பின்னால் வந்தீர்கள். வாசலில் செருப்பைக் கழற்றியதும் என்னிடம், "பால் வாங்கிட்டு வா கண்ணு" என்றீர்கள். வீட்டில் பால் இருந்தது. ஆனாலும் போனேன். திரும்பி வந்தபோது நீங்கள் கேஸ் சிலிண்டரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தீர்கள். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இருவர் கண்ணும் சிவந்திருந்தன, வெங்காயத்தின் மேல் பழி போட்டுக்கொள்ளலாம். என்ன கேட்டீர்கள், அவள் என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. துருவித் துருவிக் கேட்டால், "அது அவருக்கும் எனக்கும். உனக்கு என்னாத்துக்கு?" என்று வாயை அடைத்துவிடுகிறாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்களாகவே எழுந்து போய் மைக்கை எடுத்தீர்கள். இன்னொரு கூத்தா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் சம்சாரத்தோட காத நான்தான் கிழிச்சேன். சாட்சியில இதச் சொல்லாம விட்டேன். ஆமென்னு வேற சொன்னேன்" என்றீர்கள். மைக் கீச்சிட்டது. நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை, உயர்த்தவேண்டிய இடத்தில் உயர்த்தவில்லை. பார்டரும் வரவில்லை. ஒரு அல்லேலூயாகூட எழவில்லை. மைக்கை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தீர்கள்.

அதன்பின் ஒரு கூட்டத்துக்கும் உங்களை யாரும் கூப்பிடவில்லை. சாக்கடையில் விழுந்தவனைத் தூக்கி எடுத்த கதை எல்லோருக்கும் வேண்டும், கிழிந்த காதின் கதை யாருக்கும் வேண்டாம். மன்னிப்பைப் பற்றித் தொண்டை கிழியக் கத்தும் சபைக்கு, மன்னிக்கவேண்டிய ஒன்று கண்ணெதிரே வந்து நின்றால் முகம் சுளிக்கிறது. உங்கள் சவப்பெட்டியைச் சுற்றி நின்று பரலோகத்தில் கிரீடம், மாளிகை என்று பாடியவர்களைப் பார்த்து எனக்குத் துப்பவேண்டும் போலிருந்தது.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். நீங்கள் விரல் மடக்கிச் சொன்ன ஆசீர்வாதங்களில் எதையும் உங்கள் முகத்தில் நான் அதுவரை கண்டதில்லை. யாரும் கை தட்டாமல் வந்து உட்கார்ந்த அன்றுதான், எதையோ வாங்கிக்கொண்ட ஆள் மாதிரி இருந்தீர்கள். மன்னிக்கப்பட்டவன் இனி எதையும் ஒளிக்கத் தேவையில்லை என்பதுதான் அந்த இலவசத்தின் பொருளோ என்னவோ. அது உங்களுக்குப் புரிய அம்மா அந்தக் காதோடு மைக்கைப் பிடிக்கவேண்டியிருந்தது. இதற்காக நான் உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு இன்னும் ஆகவில்லை.

இன்று அந்த நாறும் மைக்கை வைத்துக்கொண்டு இப்படித்தான் சொன்னேன்: "எங்கப்பா எங்கம்மாவோட காதக் கிழிச்சாரு. அத மறைச்சாரு. அப்பறம் இதே எடத்துல நின்னு ஒத்துக்கிட்டாரு. அதுக்கப்பறம் மைக்கத் தொடவே இல்ல. இதுதான் அவரோட சாட்சி."

பாஸ்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார். பாஸ்டர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். அப்போது பெண்கள் பக்கத்துப் பாயிலிருந்து ஒரே ஒரு குரல், உரக்க இல்லை, ஆனால் தெளிவாக, "ஆமென்" என்றது. அம்மா.

வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவிவிட்டேன். அந்த எச்சில் வாடை போகவில்லை, இதை எழுதும்போதும் விரலில் இருக்கிறது. அவளுடைய அந்த ஒரு ஆமெனும் என்னோடேயே வந்துவிட்டது. ஆமென் சொல்லும்போது தலையிலிருந்து நழுவிய முந்தானையை, ஆராதனை முடியும்வரை அவள் மறுபடி காதுமேல் இழுத்துப் போடவில்லை, அப்பா.