நாலு கட்டை

2007 செப்டம்பர் 9, ஞாயிறு

மேலே போகிற இடத்தில் குரல் இன்றைக்கும் உடைந்தது. ஹோட்டலில் ஒருவரும் கவனிக்கவில்லை. நான் அந்த மேடையிலேயே உயிரை விட்டாலும் இவர்களின் கரண்டிச் சத்தம் நிற்காது. உடையப்பன் மட்டும் கீபோர்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தான்.

"ஏசி காத்து மேடம், சில பேருக்கு ஒத்துக்காது."

காரைக்குடிக்காரன். நல்லவன், பொய் சொல்லத்தான் தெரியாது. காரணம் ஏசி இல்லை, எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 11

டொக்டர் தொண்டைக்குள் கமரா விட்டுப் பார்த்தார். குரல்நாணில் சின்னதாய் ஒரு கட்டி. பயப்பட ஒன்றுமில்லையாம், வெட்டி எடுக்கலாமாம், பிறகு இரண்டு கிழமை, பதினாலு நாளும் வாயே திறக்கக் கூடாதாம். குரல் வருமா என்றேன். வரும் என்றார். பழைய குரலா? பேனையை மூடிக்கொண்டு, வந்த பிறகு பார்ப்போம் என்றார்.

வந்த பிறகு பாப்பமாம்! வராட்டி?

லண்டனில் மூன்று பெட்டைகள் சேர்ந்து பாடினோம். ஒரே ஒரு பாட்டு கொடிகட்டிப் பறந்தது. அதில் கண்ணாடி உடைகிற மாதிரி மேலே போகிற குரல் என்னுடையது. இசைத்தட்டுக் கம்பனி கைகழுவி, குழுவும் கலைந்த பிறகு, யாழ்ப்பாணத்து ராதிகா 'ரிக்கா' என்ற பேரில் டுபாய் ஹோட்டலில் அதே பாட்டைப் பாடுகிறாள். அதற்குத்தான் விசா. பாட முடியாவிட்டால் கென்சல். பிறகு ஈஸ்ட் ஹாமில் அண்ணாவின் பெற்றோல் ஷெட்டில் நிற்க வேண்டியதுதான். வாறவன் போறவன் எல்லாம், நீ அந்தப் பாட்டுக்காரி இல்லையோ எண்டு கேப்பான். ஐயோ, என்னால ஏலாது.

மற்ற இரண்டு பெட்டைகளும் வாசிக்கக் கூடாதென்று டூர் பஸ்ஸில் தமிழில் எழுதத் தொடங்கிய பழக்கம் இது. இப்போது ஒளிப்பதற்கு ஆட்களே இல்லை.

செப்டம்பர் 13

நோன்பு தொடங்கிவிட்டது. பெருநாள் வரை ஹோட்டலில் பாட்டு இல்லை. நல்லாய் ஓய்வெடு, பெருநாளைக்கு முதல் பாட்டே உன் பாட்டுத்தான் என்று மனேஜர் சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன்.

ஆனாலும் இது கடவுள் தந்த மறைப்பு. ஒருவருக்கும் தெரியாமல் வெட்டி ஆற்றிவிடலாம். ஷார்ஜா முவைலாவில் எனக்கு அறை தந்திருக்கிற அஸ்மத் பீவியிடம் மட்டும் சொன்னேன். கீழக்கரைக்காரி, தையல் கடை வைத்திருக்கிறா.

"வாயத் தொறக்காம நீ எப்படி புள்ள இருப்பே?" என்றா. அதுவும் சரிதான்.

செப்டம்பர் 18

வெட்டியாச்சு. வாய் பேசாமல் கிடக்கிறேன். பயம்தான் வாய் ஓயாமல் பேசுகிறது.

செப்டம்பர் 22, சனி

உடையப்பன் ஒத்திகைக்குக் கூப்பிட வந்துவிட்டான். நான் கதவுக்குப் பின்னால் விறைத்துப் போய் நிற்கிறேன். அஸ்மத் பீவி வாய்க்கு வந்ததை அடித்துவிட்டா: "புள்ள மௌன விரதம்ப்பா. பேசாது."

"புரட்டாசி சனிக்கிழமை! அதானே பாத்தேன்," என்று அவன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். போய்விட்டுத் திரும்பி வந்து ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்துவிட்டுப் போனான். வெட்கமாய்ப் போய்விட்டது.

"நோம்பு வச்சுக்கிட்டுப் பொய் சொல்ல வச்சுட்டியே," என்று அஸ்மத் பீவி பின்னேரம் வரை திட்டினா. பிறகு கஞ்சியை ஆறவைத்துத் தந்தா.

அக்டோபர் 3

பேசலாம் என்றார்கள். மெல்ல 'ம்' கொட்டிப் பார்த்தேன். அடித்தொண்டையிலிருந்து கனமாய், கரகரத்து வந்தது. ஆரிது?

அக்டோபர் 5

அம்மாவுக்கு போன் எடுத்தேன்.

"ஆர் பிள்ளை கதைக்கிறது?"

"நான்தான் அம்மா."

"எந்த நான்? ஆர் வேணும் உமக்கு?"

வைத்துவிட்டேன். பெத்தவளுக்கே தெரியேல்லை. அந்தக் குரல் போனால் நான் ஆர்?

அக்டோபர் 9

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பார்த்தேன். உச்சத்தில் வெறும் காற்று. திரும்பத் திரும்பக் காற்று.

சுருதியை இறக்கச் சொல்லலாம். இறக்கினால் மனேஜர் ஏனென்று கேட்பான். அந்த உச்சத்துக்குத்தானே அவன் சம்பளம் தருகிறான். உடையப்பனுக்கு, விரதம் இன்னும் முடியவில்லை என்று மெசேஜ் அனுப்பினேன். அவனிடமிருந்து உடனே போன். நான் எடுக்கவில்லை, அஸ்மத் பீவிதான் எடுத்தா.

"மேடத்தைக் கவலப்படாம இருக்கச் சொல்லுங்க. நம்ம பாட்டுதானே, ஆறு கட்டை. ஒத்திகையே வேணாம், நேரா மேடையில பாத்துக்கலாம்."

அவனுக்குச் சுருதி எல்லாம் கட்டைக் கணக்குத்தான். விரல் பழகியது ஒரே இடத்தில். பாடுகிறவருக்குத் தக்கபடி கீபோர்டில் ஒரு பட்டனை அமுக்கிச் சுருதியை ஏற்றுவான், இறக்குவான்.

ஆறு கட்டை. செத்தேன்.

அக்டோபர் 14, காலை

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

நேற்றுப் பெருநாள் கூட்டம், நிற்க இடமில்லை. மைக்கைப் பிடித்தேன். உடையப்பன் தொடங்கினான். என்ன இது? என் பாட்டுத்தான், ஆனால் எங்கோ பள்ளத்துக்குள்ளிருந்து வருகிறது. திரும்பிப் பார்த்தேன், அவன் முகத்தில் ரத்தமில்லை. பின்னேரம் ஷார்ஜாவில் கௌஸ் முகைதீன் என்றொரு கனத்த குரல்காரருக்கு வாசித்தவன், அவருக்காக இறக்கிய பட்டனைத் திரும்ப ஏற்ற மறந்துவிட்டான். நடுவில் கை வைத்தால் பாட்டே குட்டிக்கரணம் அடிக்கும்.

இறங்கி ஓடத்தான் நினைத்தேன். சத்தியமாய். ஆனால் என் இடம் வந்ததும் வாய் திறந்துவிட்டது.

அந்தக் கரகரத்த பொம்பிளை பாடினாள். இரண்டாவது வரியில் கரண்டிகள் நின்றுவிட்டன. உச்சம் வர வேண்டிய இடத்துக்குப் பயந்து பயந்து போனேன். அங்கே ஏற வேண்டியிருக்கவில்லை. குரல் சும்மா நடந்து உள்ளே போய் உட்கார்ந்தது.

பிறகு என் வயதில் ஒரு வெள்ளைக்காரி வந்தாள். கண் சிவந்திருந்தது. பள்ளிக்கூட டான்ஸில் இந்தப் பாட்டுக்குக் குதித்திருக்கிறோம், இது இவ்வளவு சோகமான பாட்டென்று இன்றைக்குத்தான் தெரியும் என்றாள். அந்தப் பெட்டைகள் இப்போது எங்கேயோ என்று என்னையே கேட்டாள்.

"ஒருத்தியை எனக்குத் தெரியும்," என்றேன்.

உடையப்பன் அழாத குறை. "மறந்துட்டேன் மேடம், மன்னிச்சிருங்க, நாலு கட்டைல விட்டுட்டேன்."

மனேஜர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். வேலை இருக்குமோ இல்லையோ. விடிந்ததும் அம்மாவுக்கு எடுத்து, வெட்டினது முதல் எல்லாம் சொன்னேன். தனக்கு ஒளித்ததற்குத் திட்டினா, பிறகு அழுதா.

அக்டோபர் 21

இந்த வருஷம் முடியும் வரை என்னைப் பாடச் சொல்லிவிட்டான் மனேஜர். "அந்தப் புதுக் குரலில்" என்றான். அதற்குப் பிறகு? தெரியாது. பயம் போகவில்லை.

உடையப்பன் அந்தப் பட்டனை நாலு கட்டையிலேயே வைத்து, மேலே பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறான். "விரதம் பலிச்சிருச்சு மேடம்," என்றான். அஸ்மத் பீவியிடம் சொன்னேன், சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிவிட்டது அவவுக்கு.

பின்னேரம் அம்மாவுக்கு எடுத்தேன். "ஹலோ" என்று மட்டும்தான் சொன்னேன்.

"சொல்லு ராதி," என்றா அம்மா.