சராசரியில் எல்லாம் சரி

மார்ச் 4, புதன்

துணி துவைக்கும் இயந்திரம் பழுது. அம்மா கையால் துவைக்கத் தொடங்கி, பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வேலை முடிந்து வந்த தம்பி சீருடையைக்கூடக் கழற்றாமல் மீதியை அலசிப் பிழிந்து கொடியில் போட்டான். இன்று அவன் ஓட்டும் ஆம்புலன்ஸிலேயே ஒரு பிரசவமாம். “ஏறும்போது ஒருத்தர், இறங்கும்போது ரெண்டு பேர். இன்னொரு டிக்கெட் கேக்கலாமான்னு பாத்தேன்.” அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இடுப்பு வலிக்குதுடா பாவி” என்று அவனையே திட்டினாள்.

அலுவலகத்தில் சொல்லும்படி ஒன்றுமில்லை.

மார்ச் 9, திங்கள்

தம்பியின் வண்டி தாமதம். ஒருவர் இறந்துவிட்டார். எழுத வரவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

எழுதித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் தலைக்குள்ளேயே சுற்றுகிறது.

நேற்று மாலை ஒரு பெரியவருக்கு நெஞ்சு வலி. அவர் மகள் போனில் ஆம்புலன்ஸ் செயலியை அழுத்தியிருக்கிறாள். ‘உதவி வருகிறது’ என்று காட்டியிருக்கிறது. வரைபடத்தில் தம்பியின் வண்டி இரண்டு தெரு தள்ளி ஒரு புள்ளியாகத் தெரிந்திருக்கிறது. அவள் அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் புள்ளியையே பார்த்திருக்கிறாள். அது நகரவில்லை. தம்பி போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. அவன் சட்டைக் காலரைப் பிடித்து அவள் கேட்டது: “பாத்துட்டே இருந்தேன். ஏன் நகரவே இல்ல?”

“போன் அடிச்ச உடனே கிளம்பினேன்கா. சத்தியமா.”

விசாரணை முடியும்வரை அவனுக்கு வேலை இல்லை.

அந்தச் செயலியை இயக்குவது எங்கள் நிறுவனம். அழைப்புகளை வாங்கி ஓட்டுநர்களின் போனுக்கு அனுப்பும் அதன் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களில் நானும் ஒருத்தி.

மார்ச் 11, புதன்

எங்கள் மேலாளருக்குச் சராசரி என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் சராசரிக் கணக்கைத்தான் திறப்பார். இன்றும் திறந்தார்.

“எட்டு சர்வர். சராசரி சுமை அம்பது சதவீதம்கூட இல்ல. பாதி சக்தி சும்மா கிடக்கு. தாமதம் நம்ம பக்கம் எப்படி வரும்?”

“அவன் போன் லேட்டாத்தான் அடிச்சிருக்கு சார்.”

“உன் தம்பி. எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பாக்குற பையன்... கண் அசந்திருக்கலாம் இல்லையா?”

இருக்கைக்குத் திரும்பினேன். எதிரே உட்காரும் சக ஊழியர் (ஒரு கண்ணாடியை மூக்கிலும் இன்னொன்றைத் தலையிலும் வைத்திருப்பதால் அவர் பெயர் டபுள் கண்ணாடி) தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

கண் அசந்திருக்கலாம். ஒரு நொடி நானும் நினைத்தேனா? நினைத்தேன்.

மார்ச் 13, வெள்ளி

சராசரியை மூடிவிட்டு எட்டு சர்வர்களையும் தனித்தனியாகத் திறந்து பார்த்தேன்.

ஆறு சர்வர்கள் ஊர்ப்பட்ட ஓய்வில் இருக்கின்றன. இரண்டு மட்டும் மாலை நெரிசலில் உச்சியைத் தொட்டு அப்படியே நிற்கின்றன. அந்த இரண்டின் வாசலிலும் அழைப்புகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒருவன் இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டு, இன்னொருவன் பட்டினி கிடந்தால், சராசரியில் இருவரும் பசியாறிவிட்டார்கள். அதைத்தான் இவ்வளவு நாளும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சாப்பிடும்போது அம்மா கேட்டாள். சொன்னேன்: “வர்ற வேலையை எட்டுப் பேருக்கும் பிரிச்சுக் கொடுக்கிறதுக்கு ஒண்ணு இருக்கும்மா. பேலன்சர்னு பேரு. அது சரியா பிரிக்கல.”

“ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பா? ஏனாம்?”

தெரியவில்லை. அதுதான் தெரியவில்லை.

மார்ச் 16, திங்கள்

ஒருமுறை வந்தவரை அடுத்த முறையும் அதே சர்வருக்கு அனுப்பும் ஓர் அமைப்பு இருந்தது. அதுதான் காரணம் என்று நிச்சயமாக நம்பி நிறுத்தினேன். மாலையில் அதே இரண்டு சர்வர்கள், அதே உச்சி.

மார்ச் 17, செவ்வாய்

பேலன்சர் ஒவ்வொரு சர்வரிடமும் அடிக்கடி நலம் விசாரிக்கும். பதில் சொல்லாததை ஒதுக்கிவிடும். அதில் கோளாறோ என்று பார்த்தேன். இல்லை. அந்த இரண்டும் ஒழுங்காகப் பதில் சொல்கின்றன. உயிரோடு இருக்கிறாயா என்றால், இருக்கிறேன். எப்படி இருக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை.

தம்பியும் அப்படித்தான். “சாப்பிட்டியாடா?” “சாப்ட்டேன்.” தட்டு காய்ந்து கிடக்கிறது.

மார்ச் 19, வியாழன்

பழைய இணைப்புகள் அறுபடாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவோ என்று அந்த இரண்டையும் நிறுத்தி மறுபடி இயக்கினேன். காலையில் மூச்சு விட்டன. நான் முட்டாள்தனமாகச் சந்தோஷப்பட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். மாலையில் பழைய குருடி கதவைத் திறடி.

சராசரிக்குக் கோபம். “இனிமே என்னைக் கேக்காம எதையும் தொடக் கூடாது. புரியுதா?”

புரிந்தது சார்.

மார்ச் 20, வெள்ளி

தம்பி அறைக்கதவு பாதி திறந்திருந்தது. கட்டிலில் உட்கார்ந்து போனின் மணியை அடிக்கவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறான். நிறுத்துகிறான். தலையணைக்கு அடியில் வைத்துக் கேட்கிறான். சட்டைப் பையில் போட்டுக் கேட்கிறான். ஜன்னலைத் திறந்து தெருச் சத்தத்தோடு கேட்கிறான்.

என்னைப் பார்த்துவிட்டான்.

“ஒருவேளை அப்பவே அடிச்சு, எனக்குத்தான் கேக்கலையோக்கா?”

அடிக்கலடா, அடிக்கவே இல்லடா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. எதை வைத்துச் சொல்வேன்? பொய் சொல்லக்கூடத் தைரியம் வரவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மறுபடி மணியை அடிக்கவிட்டான். இரண்டு பேரும் கேட்டோம்.

மார்ச் 22, ஞாயிறு

அம்மா சமைக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மார்ச் 23, திங்கள்

தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது.

எட்டு சர்வர்களும் ஒரே இடத்தில் இல்லை. இரண்டு மையங்களில் இருக்கின்றன. ஒன்று படுத்தால் இன்னொன்று தாங்கும் என்பதற்காக. முதலில் இங்கே நான்கு, அங்கே நான்கு. போன மாதம் இரண்டாவது மையத்தில் இரண்டு பழுதாகி, அவற்றுக்குப் பதிலாகப் புதிதாக இரண்டு தானாகவே உருவாகியிருக்கின்றன, முதல் மையத்தில். அங்கேதான் இடம் காலியாக இருந்திருக்கிறது. ஆக, இங்கே ஆறு, அங்கே இரண்டு.

பேலன்சர் சர்வர்களை எண்ணவே இல்லை. மையத்தைத்தான் எண்ணியிருக்கிறது. பாதி இங்கே, பாதி அங்கே. அதன் கணக்கில் அது நியாயமாகத்தான் நடந்துகொண்டது. ஆறு பேர் பங்கு போட்டுக்கொண்ட பாதியை, மறுபக்கம் இரண்டே பேர் சுமந்திருக்கிறார்கள். ஒரு மையத்து வேலையை மற்ற மையத்துக்கும் அனுப்பலாம் என்று ஓர் அனுமதி இருக்கிறது. எங்களிடம் அது அணைந்தே கிடந்தது.

சராசரியை அழைத்தேன். நம்பவில்லை. “காட்டு” என்றார். மாலை நெரிசல் வந்ததும், ஓட்டுநர் செயலி உள்ள ஒரு போனை மேசைமேல் வைத்தேன். டபுள் கண்ணாடி தன் போனிலிருந்து சோதனை அழைப்பு விட்டார். விரலை எடுப்பதற்குள் மணி அடித்தது. “பாத்தியா?” என்றார் சராசரி. இரண்டாவது அழைப்பு, அந்த இரண்டு சர்வர்கள் பக்கம் போக வேண்டியது. அனுப்பிய போனில் ‘உதவி வருகிறது’. மேசைமேல் இருந்த போன் மௌனம். நின்றுகொண்டிருந்தோம். “சிக்னல் இல்லையோ” என்றார். உட்கார்ந்தார். எழுந்து ஜன்னல் வரைக்கும் போய் வந்தார். மடியில் அப்பாவின் தலையோடு அந்த மகள் இப்படித்தானே உட்கார்ந்திருந்தாள்.

மணி அடித்தபோது சராசரிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“போடு” என்றார், தணிந்த குரலில். அனுமதியைப் போட்டேன். திரையில் இரண்டு கோடுகள் சரிந்து, ஆறு கோடுகள் ஏறி, எட்டும் ஒன்றாகப் படிந்தன. அவ்வளவுதான். ஒரே ஒரு சுவிட்ச்.

கழிப்பறைக்குப் போய் வாய்விட்டு அழுதேன்.

மார்ச் 25, புதன்

சராசரி கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். “சரியாயிடுச்சுல்ல? நல்ல வேலை பண்ணே. இதோட விட்டுடு. விசாரணையில இதைப் பேசினா நம்ம எல்லாரோட பொழப்பும் போகும்.”

முழுப் பூசணிக்காய். அதை மறைக்கும் சோறு என் தம்பி.

மார்ச் 30, திங்கள்

விசாரணையில் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அவர்கள் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள், நான் திருப்பித் திருப்பிச் சொன்னேன். டபுள் கண்ணாடியும் வந்து, மேசைமேல் உடனே மணி அடிக்காத போனைப் பற்றிச் சொன்னார். நான் அவரை அழைக்கவே இல்லை.

தம்பி மேல் தவறில்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். அவன் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சந்தோஷமும் இல்லாமல் துக்கமும் இல்லாமல் நின்றான்.

வெளியே வராந்தாவில் பெரியவரின் மகள். தம்பியிடம் வந்தாள். “உங்களை நான்...” என்று தொடங்கினாள், முடிக்கவில்லை. அவன் தலையாட்டினான். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அப்போ யார் பண்ணாங்க இதை?”

“யாரும் பண்ணலைங்க. அது தானா...”

“யாரும் பண்ணலையா?” என்றாள். “இத்தனை நாளா இவர் மேல கோவமா இருந்தேன். அதையாவது பிடிச்சுக்கிட்டு எழுந்தேன், நடந்தேன். இனிமே நான் எதைப் பிடிச்சுக்கிறது?”

கோபம் வேண்டுமென்றால் என் மேல் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

ஏப்ரல் 8, புதன்

சர்வர்களைத் திறக்கும் உரிமை எனக்கு இனி இல்லையாம். வேலையைவிட்டு அனுப்பவில்லை, நாற்காலி இருக்கிறது. காலையில் வந்தேன், மாலையில் எழுந்தேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

தம்பியை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். வண்டிச் சாவியை மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டான்.

ஏப்ரல் 29, புதன்

ரொட்டி ஆலையில் சரக்கு வண்டி ஓட்டப் போகிறான். “ரொட்டி லேட்டா போனா யாரும் சாக மாட்டாங்கக்கா” என்றான். நகைச்சுவை மாதிரி சொன்னான். நாங்களும் சிரிக்கிற மாதிரி சிரித்தோம்.

மே 14, வியாழன்

ராஜினாமா கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினேன். தம்பி ரொட்டி வண்டியோடு வாசலில் நின்றான். ஏறிக்கொண்டேன். வண்டி முழுக்கச் சுட்ட மாவு வாசனை.

பெரிய சாலையில் பின்னாலிருந்து சைரன் கேட்டது. எனக்குக் கேட்பதற்கு முன்பே அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். வண்டி ஏற்கெனவே ஓரம் கட்டியிருந்தது. ஆம்புலன்ஸ் எங்களைக் கடந்து போனது. மற்ற வண்டிகள் எல்லாம் நகரத் தொடங்கிவிட்டன. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். தம்பி ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி, சத்தம் முழுக்கத் தேய்ந்து போகும்வரை உட்கார்ந்திருந்தான்.

“இப்போ எல்லாருக்கும் உடனே அடிக்குதாக்கா?”

“அடிக்குதுடா.”

தலையாட்டிவிட்டு கியரைப் போட்டான்.