‘நிறுத்து’ என்று ஒரு சொல்

அன்புள்ள உங்களுக்கு,

முட்டி வலி எப்படி இருக்கிறது? மாத்திரை போடுகிறீர்களா, டாக்டரைச் சந்தேகப்படுகிறீர்களா? சந்தேகம் என் இலாகா.

நேற்று ஆலையில் ஒரு சின்ன விஷயம். இங்கே எல்லா இயந்திரங்களுக்கும் ஒரே சிவப்புப் பொத்தான். அதை அழுத்தினால் என் புரோகிராம் ஒவ்வொன்றுக்கும் ‘நிறுத்து’ என்று மட்டும் சொல்லும். ஒன்று மோட்டாரை அணைக்கும், இன்னொன்று பிரேக் போடும். எப்படி நிற்பது என்பது அதனதன் பாடு. புது இயந்திரம் வந்தாலும் என் வரிகளை மாற்ற வேண்டாம். அதன் புரோகிராமில் ‘நிறுத்து’ என்ற பகுதி இருந்தால் போதும்.

புது வெட்டு இயந்திரத்துக்குப் புரோகிராம் எழுதியவர் அந்தப் பகுதிக்குப் பெயர் மட்டும் வைத்து, பிறகு நிரப்பலாம் என்று உள்ளே காலியாக விட்டிருந்தார். கம்ப்யூட்டருக்குப் பெயர் போதும், ஒப்புக்கொண்டுவிட்டது.

சோதனையில் பொத்தானை அழுத்தினேன். மற்றவை நின்றன. அதுவும் நின்றிருக்கும் என்று நம்பி, சிக்கிய தகட்டை எடுக்க ஃபிட்டர் வெட்டு இயந்திரத்துக்குள் கையை நீட்டினார். கத்தி இறங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணே, கையை எடுங்க!” என்று கத்தினேன்.

கையுறையின் நுனி மட்டும் போனது.

“எரர் எதுவும் வரலையே மேடம்,” என்றார் மேனேஜர்.

“எரர் வராது சார், விரல்தான் வந்திருக்கும்,” என்றார் ஃபிட்டர்.

உங்கள் பழுப்பு ஸ்வெட்டரை அனுப்புங்கள், குளிர்கிறது. துவைக்க வேண்டாம்.

காலியிடத்தை நானே எழுதி நிரப்பினேன். இப்போது மறுசோதனை. “மேடம் எழுதினதுன்னா தைரியமா கை வைப்பேன்,” என்கிறார் ஃபிட்டர். நான் எழுதியது என்பதால்தான், முதலில் கைக்குப் பதில் ஒரு மரக்கட்டையை வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.